கணவாய்க்கு இரண்டு வழி

அந்த மலையில் எங்கள் மகளைத் தொலைத்தது நானும் என் கணவரும்தான். மலையையோ மூடுபனியையோ குற்றம் சொல்ல எனக்கு வாய் வராது. பனி பிறகுதான் வந்தது. அதற்கு முதலே நாங்கள் அவளைத் தொலைத்துவிட்டிருந்தோம்.

அப்போது அவளுக்குப் பதினொரு வயது. எங்களுக்கு ஒரே பிள்ளை. எனக்கும் அவளுடைய தகப்பனுக்கும் அந்த நேரம் ஏழு மாதமாகக் கதை பேச்சு இல்லை.

எங்கள் ஆட்களுக்கு இது புதுமையான விஷயம் அல்ல. கோபம் வந்தால் கத்தித் தீர்த்துவிடுகிறவர்கள் ஒரு ரகம். கதையை நிறுத்துகிறவர்கள் இன்னொரு ரகம். நாங்கள் இரண்டு பேரும் இரண்டாவது ரகம், அதுதான் சனியன். கணவன் மனைவி கதையை நிறுத்தினால் வீட்டில் வேறொன்றும் நிற்காது. சமையல் நடக்கும், உடுப்புத் தோய்ப்பது நடக்கும், வாடகை போகும். மொன்றியலில், கோட்-டெ-நெய்ஜ் பகுதியில் எங்கள் வீடு இரண்டு அறை கொண்டது. அடுப்புக்கும் சோபாவுக்கும் இடையில் நாலு எட்டுக்கூட இல்லை. அடுப்படியில் நின்று நான் மகளிடம் சொல்லுவேன்:

"அப்பாவைச் சாப்பிட வரச்சொல்லு."

அவர் கை நீட்டினால் தொடுகிற தூரத்தில் இருப்பார். மகள் அவரிடம் திரும்பி, "அப்பா, அம்மா சாப்பிட வரட்டாம்" என்பாள்.

"பேந்து சாப்பிடுறன் எண்டு சொல்லு."

"அம்மா, அப்பா பிறகு சாப்பிடுவாராம்."

எல்லாம் எல்லோருக்கும் கேட்கும். ஆனாலும் அவள் வாயால் வரும்வரை எங்களுக்கு அது கேட்டதாகக் கணக்கில்லை. இப்போது எழுதும்போது வெட்கமாக இருக்கிறது. அப்போது வெட்கம் வரவில்லை, ரோசம்தான் இருந்தது.

காரணத்தையும் சொல்லிவிடுகிறேன். நான் ஒரு ஆஸ்பத்திரியில் துப்புரவு வேலை செய்துகொண்டிருந்தேன். நோயாளிகளைப் பராமரிக்கிற வேலைக்கு மாறவேண்டும் என்று ஆசை. அதற்குப் பிரெஞ்சுச் சோதனை பாஸ் பண்ண வேண்டும். இரண்டு வருடம் பின்னேர வகுப்புக்குப் போய், பேச்சுச் சோதனையில் கொஞ்சப் புள்ளிகளால் கோட்டை விட்டேன். அதை வேறு யாருக்கும் சொல்லவில்லை, கணவருக்கு மட்டும் சொன்னேன். தை மாதம் சொந்தக்காரப் பிள்ளை ஒன்றின் பிறந்தநாள் மண்டபத்தில், ஆட்கள் வட்டமாக நிற்க, அவர் அதையே பகிடியாக்கினார். "இவ பிரெஞ்சு கதைச்சா, எழும்பேலாத நோயாளியும் எழும்பி ஓடுவான். அதுவும் ஒரு வைத்தியம்தானே" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சேர்ந்து சிரித்தேன். அந்தச் சிரிப்புத்தான் எனக்குத் தாங்கவில்லை. அன்று காரில் ஏறியபோது நிறுத்திய கதை.

அவர் வேலை செய்வது புவாண்ட்-கிளேரில் ஒரு பொருட்கிடங்கில். அங்கே எல்லாம் ஆங்கிலம். பொன்ஜூர், மெர்சி என்ற இரண்டு சொல்லை வைத்தே பதினைந்து வருடம் மொன்றியலில் காலம் தள்ளிய மனிதர், என்னுடைய பிரெஞ்சைப் பற்றிப் பகிடி விட்டார்.

ஆனி மாதத்தில் ஒருநாள் மகள் வந்து சொன்னாள்: "அம்மா, அப்பா எங்களைக் காஸ்பெசியிலை ஒரு மலைக்குக் கூட்டிக்கொண்டு போக ஆசைப்படுறார். நீங்கள் வந்தாத்தான் போவாராம்."

மனுசன் இறங்கி வருகிறார் என்று நினைத்தேன். உள்ளுக்குச் சந்தோசம்தான், வெளியில் காட்டவில்லை. "யோசிச்சுச் சொல்லுறன் எண்டு சொல்லு" என்றேன். இரண்டு நாள் யோசிப்பதுபோல் இருந்துவிட்டு ஓம் என்றேன்.

ஆவணி முதற்கிழமை எட்டு மணித்தியாலத்துக்கு மேல் கார் ஓடிப் போனோம். ஆற்றுக்கரை ஓரமாகவே நீண்ட வீதி. அவர் ஒரு வார்த்தை கதைக்கவில்லை. கூட்டிக்கொண்டு வந்த ஆள் வாயைத் திறக்கட்டும் என்று நான் இருந்தேன். விடுதியில் படுத்து விடியக் காலையில் மலையடிக்குப் போய்ச் சேர்ந்தபோது எனக்குக் கோபம் முதலிருந்ததைவிடக் கூடியிருந்தது.

மலையடிக் குடிலில் காவலர் வேலை செய்யும் ஒரு இளம்பெண் வரைபடத்தைக் காட்டிப் பிரெஞ்சில் விளக்கம் சொன்னாள். பகல் இரண்டு மணிக்கு முதல் கணவாயை விட்டு இறங்கிவிட வேண்டும், மூடுபனி சொல்லாமல் வரும், மேலே டெலிபோன் எடுபடாது, குழுவாக வந்தவர்கள் பிரியக்கூடாது. எனக்கு எல்லாம் விளங்கியது. ஆனாலும் மகள் வழக்கப்படி எங்கள் இருவருக்கும் பொதுவாகச் சொன்னாள்: "எல்லாரும் ஒண்டாப் போகட்டாம்."

முதல் இரண்டு மணித்தியாலம் காடு. அவர் முன்னுக்கு, மகள் நடுவில், நான் பின்னுக்கு. என்னுடைய பையில் தண்ணீரும் பாணும் மீன் கட்லட்டும். அவருடைய பையில் மூன்று பேருக்குமான குளிர்ச் சட்டைகளும், அவர் புதிதாக வாங்கிய ஒரு விசிலும். பிள்ளைக்குப் பாரம் வேண்டாம் என்று அதில் மட்டும் இருவரும் ஒத்துப்போயிருந்தோம். அவள் ஒரு மஞ்சள் டீசேர்ட்டோடு வெறுங்கையாக நடந்தாள்.

மரங்கள் குட்டையாகிக் குட்டையாகி முழங்கால் உயரத்துக்கு வந்தன. பிறகு அதுவும் இல்லை, புல்வெளி. கண்ணுக்கெட்டிய தூரம் புல்லும், நகத்தளவு வெள்ளைப் பூக்களும், நடுவில் வீடளவு பாறைகளும். சின்னச் சின்ன ஓடைகள் புல்லுக்குள் ஒளிந்து ஓடின. சத்தம் கேட்கும், தண்ணீர் தெரியாது. தூரத்தில் இரண்டு மலைத் தோள்களுக்கு நடுவில் ஒரு பள்ளம். அதுதான் கணவாய். நான் வாழ்க்கையில் பார்த்த வடிவான இடங்களில் அது ஒன்று. அந்த வடிவைச் சொல்ல வாய் துடித்தது, சொல்லுவதற்கு மகள்தான் இருந்தாள். "வடிவா இருக்கு என்ன" என்றேன். "அப்பாட்டைச் சொல்லட்டோ?" என்று கேட்டாள். "வேண்டாம்" என்றேன்.

புல்வெளியின் நடுவில் பாதை பிரிந்தது. ஒரு மரப்பலகை, அதில் இரண்டு அம்புக்குறி. இடப்பக்கம் கல்லுப் பாதை, நேரே செங்குத்தாகக் கணவாய்க்கு ஏறுவது. வலப்பக்கம் ஒரு ஏரியைச் சுற்றிக்கொண்டு அதே கணவாய்க்குப் போவது. தூரம் கூட, ஏற்றம் குறைவு. அவர் பலகைக்கு அந்தப் பக்கம் போய் நின்றார். நான் இந்தப் பக்கம் நின்றேன். மகள் நடுவில் ஓடி வந்தாள்.

"அம்மா, அப்பா ஏரிப் பக்கத்தாலை போவமாம்."

என்னை ஒரு சொல் கேட்காமல் முடிவெடுத்தாயிற்று. "நான் நேர்ப் பாதையாலை போறன் எண்டு சொல்லு" என்றேன்.

அவள் போய்ச் சொல்லிவிட்டு வந்தாள். "அப்பா அப்ப சரியாம். அவர் ஏரியாலை போறாராம்."

"அப்ப நீ அவரோட போ" என்றேன். பையைத் தூக்கித் தோளில் கொளுவிக்கொண்டு நடந்தேன். இருபது எட்டு வைத்தால் ஒரு பெரிய பாறை, அதைத் தாண்டினால் பின்னுக்கு ஒன்றும் தெரியாது. திரும்பிப் பார்க்க வேண்டும்போல இருந்தது. திரும்பினால் அவரைப் பார்க்கத் திரும்பியதாக ஆகிவிடும். திரும்பாமலே போனேன்.

கல்லுப் பாதை என் முழங்காலைப் பதம் பார்த்தது. பல்லைக் கடித்துக்கொண்டு ஏறி, பன்னிரண்டேகாலுக்குக் கணவாய்க்கு வந்தேன். காற்று ஆளைத் தள்ளியது. யாரோ அடுக்கி வைத்த கற்களுக்குப் பின்னால் ஒதுங்கி, கட்லட் பெட்டியை எடுத்து வைத்துக்கொண்டு, ஏரிப் பாதையைப் பார்த்தபடி இருந்தேன். அவள் பசியோடு வருவாள் என்று இரண்டு கட்லட்டை வேறாக எடுத்து வைத்தேன்.

கனநேரத்துக்குப் பிறகு ஒரு நீலத் தொப்பி தெரிந்தது. அவர்தான். பின்னுக்கு மஞ்சளைத் தேடினேன். சப்பாத்து நாடா கட்டக் குனிந்திருப்பாள் என்று நினைத்தேன். கல்லுக்குப் பின்னால் வருவாள் என்று நினைத்தேன். அவர் கிட்ட வரவர ஒன்றைக் கவனித்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. எனக்குப் பின்னால் யாரையோ தேடிக்கொண்டு வந்தார்.

எழும்பி நின்றேன்.

"பிள்ளை எங்கை?" என்றோம் இரண்டு பேரும். ஏழு மாதத்துக்குப் பிறகு முதற்கதை அது.

"உங்களோடதானே வந்தவள்?" என்றேன் நான்.

"நான் உம்மோட போகச் சொன்னனான். நீர் தனியப் போறீர், அம்மாவோட போ எண்டு சொல்லிப்போட்டுத்தான் நடந்தனான்."

"நான் உங்களோட போகச் சொல்லிப்போட்டு வந்தனான்."

அவருடைய முகத்தில் இருந்த இரத்தம் எல்லாம் வடிந்துபோனதை நான் பார்த்தேன். என்னுடைய முகமும் அப்படித்தான் இருந்திருக்கும். நாங்கள் இரண்டு பேரும் எங்கள் பிள்ளையை மற்ற ஆளிடம் தள்ளிவிட்டு, அவள் போய்ச் சேர்ந்தாளா என்று பார்க்காமல், முதுகைக் காட்டிக்கொண்டு வந்திருக்கிறோம். சட்டை அவருடைய பையில். தண்ணீரும் சாப்பாடும் என்னுடைய பையில். அவளிடம் ஒன்றும் இல்லை.

கீழே பார்த்தேன். பள்ளத்தாக்கின் அடியிலிருந்து வெள்ளையாக ஒன்று மேலே ஏறிக்கொண்டிருந்தது. முதலில் அது என்னவென்று விளங்கவில்லை. ஏரி மறைந்தபோதுதான் விளங்கியது.

அந்த நேரம் கணவாயின் மறுபக்கத்திலிருந்து அறுபது வயது மதிக்கத்தக்க இரண்டு பெண்கள் கைத்தடிகளோடு ஏறி வந்தார்கள். நான் ஓடிப்போய் அவர்களை மறித்தேன். யோசித்துக் கதைக்க நேரமில்லை. என் மகள், பதினொரு வயது, மஞ்சள் சட்டை, நீளப் பின்னல், கீழே பாதை பிரிகிற இடத்தில் தவறிவிட்டாள், தாயும் தகப்பனும் இரண்டு வழியாக வந்துவிட்டோம் என்று பிரெஞ்சில் சொன்னேன். பிரெஞ்சுச் சொற்களின் ஆண்பாலும் பெண்பாலும் எங்கே போயினவோ தெரியாது. அவர்களுக்கு எல்லாம் விளங்கியது. உயரமான பெண் என் கையைப் பிடித்து, நாங்கள் ஏரிப் பாதையால் இறங்குகிறோம், நீங்கள் கல்லுப் பாதையால் இறங்குங்கள், பிள்ளையைக் கண்டால் மூன்று முறை விசில் அடிப்போம், நீங்களும் அப்படிச் செய்யுங்கள் என்றாள். என் கணவர் பக்கத்தில் நின்று எங்கள் இருவர் வாயையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னவாம்?" என்று கேட்டார். என்னிடம் நேரே கேட்டார். சொன்னேன்.

இறங்கத் தொடங்கிக் கொஞ்ச நேரத்துக்குள் பனி எங்களை மூடிவிட்டது. பத்து எட்டுக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை. கல் எல்லாம் ஈரமாகி வழுக்கியது. நான் அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன், அவர் கூப்பிட்டார், பிறகு நின்று காது கொடுத்தோம். ஒளிந்து ஓடுகிற தண்ணீரின் சத்தம் மட்டும் எல்லாப் பக்கமும் கேட்டது. ஓடைக்குள் கால் வைத்திருப்பாளோ என்று நினைத்தேன். கரடி இருக்கிறது என்று பலகையில் படம் போட்டிருந்ததும் அப்போதுதான் ஞாபகம் வந்தது.

ஓரிடத்தில் பாதைக்குக் கீழே மஞ்சளாக ஏதோ கிடந்தது. அவர் கையை ஊன்றிச் சறுக்கி இறங்கினார். கல்லில் படர்ந்த பாசி. அவர் மேலே ஏறி வந்தபோது உள்ளங்கை கிழிந்து இரத்தம் வந்தது. அதைப் பார்த்துப் பாவப்பட வேண்டிய நான், வாய்க்கு வந்ததைச் சொன்னேன்.

"மலைக்கு வரவேணும் எண்டு நிண்டது நீங்கள்தானே. இப்ப பாருங்கோ."

"நானோ?" அவர் நின்றுவிட்டார். "நீர்தானே ஆசைப்பட்டனீர். அப்பா கூட்டிக்கொண்டு போனாத்தான் அம்மா வருவாவாம் எண்டு பிள்ளை சொன்னது."

"நான் மலையைப் பற்றி ஒரு சொல் கதைக்கேல்லை."

"நானும் கதைக்கேல்லை."

பிறகு அவர் திரும்பவும் அவளைக் கூப்பிட்டார். நடந்துகொண்டே கேட்டார்:

"மாசியிலை, கோபத்திலை கதையை நிப்பாட்டினது பிழை எண்டு நீர் பிள்ளையிட்டை மன்னிப்புக் கேட்டுச் சொல்லிவிட்டனீர்தானே?"

"நான் என்னத்துக்கு மன்னிப்புக் கேக்கிறது? பகிடி விட்டது நீங்கள்."

"அப்ப அதுவும் இல்லையோ."

"பங்குனியிலை நீங்கள் சொல்லிவிட்டது? அம்மா நல்லாப் பிரெஞ்சு கதைக்கிறா, திரும்பச் சோதனை எடுத்தாப் பாஸ் பண்ணுவா எண்டு?"

அவர் தலையைக் குனிந்துகொண்டு நடந்தார். எனக்குப் பதில் விளங்கியது. அந்த ஒரு சொல்லை நம்பித்தான் நான் வைகாசியில் திரும்பவும் சோதனைக்குப் போனேன். பாஸும் பண்ணினேன். அந்தச் சொல்லை அவர் சொல்லவே இல்லை. பதினொரு வயதுப் பிள்ளை தன்பாட்டில் உண்டாக்கிக் கொண்டுவந்து தந்திருக்கிறாள். ஏழு மாதமாக எங்களுக்கு நடுவில் ஓடித் திரிந்து, நாங்கள் சொன்னதை விட்டுவிட்டு, நாங்கள் சொல்லியிருக்க வேண்டியதைச் சொல்லியிருக்கிறாள்.

"பாஸ் பண்ணினது கேள்விப்பட்டு சரியான சந்தோசம் எண்டு சொல்லச் சொன்னனான்" என்றார் அவர். "அது நான் சொன்னதுதான்."

நான் அழத் தொடங்கினேன். அழுதுகொண்டே கூப்பிட்டேன். அவரும் கூப்பிட்டார். விசிலை எடுத்து நீளமாக ஒருமுறை ஊதினார். மறுபக்கமிருந்து விசில் எதுவும் வரவில்லை. அந்தப் பெண்களுக்கும் அவள் கிடைக்கவில்லை என்றுதான் அர்த்தம்.

பாதை பிரிகிற இடத்துக்கு நாங்கள் வந்து சேர்ந்தபோது ஒன்றரை மணி தாண்டிவிட்டது. பலகை பனிக்குள் கறுப்பாக நின்றது. பக்கத்தில் ஒருவரும் இல்லை. அதுவரை எனக்கு ஒரு நம்பிக்கை இருந்தது, விட்ட இடத்திலேயே நிற்பாள் என்று. வெறும் பலகையைக் கண்டதும் பையைக் கழற்றிப் போட்டேன். அப்படியே புல்லில் இருந்துவிட்டேன்.

"நீர் இஞ்சை இரும். நான் கீழை ஓடிப்போய் அந்தக் காவல்காரப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வாறன்" என்றார்.

"இன்னொருக்காப் பிரியேலாது. நீங்களும் துலைஞ்சா நான் என்ன செய்யிறது?"

"அப்ப ரெண்டு பேரும் போவம்."

"அவள் இஞ்சை வந்து பாத்தா? ஒருத்தரும் இல்லை எண்டா எங்கை போவாள்?"

அவர் போக வெளிக்கிட்டார், நான் அவருடைய பையைப் பிடித்து இழுத்தேன். நிற்பதா போவதா என்று அங்கே நின்று வாதாடினோம். வாதாட்டம் எங்கெங்கோ போனது. நான் கதையை நிறுத்தியதால் வந்த வினை என்றார். நிறுத்த வைத்தது யார் என்றேன். ஏழு மாதத்தில் ஒருநாள் என்றாலும் என்னுடைய முகத்தைப் பார்த்து ஒரு சொல் சொல்லியிருக்கலாமே என்றேன். பயமாக இருந்தது என்றார்.

"என்னத்துக்குப் பயம்?"

அவர் ஒரு கல்லில் இருந்தார். என் பையிலிருந்து தண்ணீர்ப் போத்தலை எடுத்துத் திறக்கப் பார்த்தார், கிழிந்த கையால் மூடி திரும்பவில்லை. நான் வாங்கித் திறந்து கொடுத்தேன். குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டு சொன்னார்:

"அண்டைக்கு மண்டபத்திலை எல்லாரும் சிரிக்கேக்கை நீரும் சிரிச்சனீர். அந்தச் சிரிப்பைப் பாத்தவுடனை நான் செய்தது என்னெண்டு விளங்கீட்டுது. அதுக்குப் பிறகு உம்மைப் பாக்க முகமில்லை. நீர் படிக்கிறீர், நான் கிடங்கிலை பெட்டி அடுக்கிறன். அந்த எரிச்சலிலை சொன்னது. பிழை என்னிலைதான்."

"இதைச் சொல்ல ஏழு மாசமோ?" என்றேன். "பிள்ளை துலைஞ்ச பிறகுதான் சொல்ல வருதோ?"

"வருது. என்ன செய்ய."

எனக்கு அவரை அடிக்கவும் வேண்டும்போல இருந்தது, பிடித்துக்கொண்டு அழவும் வேண்டும்போல இருந்தது. கிழிந்த உள்ளங்கையை இழுத்து என் சால்வையின் நுனியைக் கிழித்துக் கட்டினேன். "நானும் கேட்டிருக்கலாம்" என்றேன். "ஏன் அப்பிடிச் சொன்னனீங்கள் எண்டு நேரை ஒருக்காக் கேட்டிருக்கலாம். ரோசம் பிடிச்சவள் நான்."

அப்போதுதான் இருமல் சத்தம் கேட்டது.

எங்களுக்கு நேர் பின்னால், நான் காலையில் திரும்பிப் பார்க்காமல் தாண்டிப்போன அந்தப் பெரிய பாறை. பனிக்குள் அது ஒரு நிழலாகத்தான் தெரிந்தது. இரண்டு பேரும் ஓடினோம். பாறையின் மறுபக்கத்தில், அங்கே மட்டும் மிஞ்சியிருந்த குட்டை மரங்களுக்குள், முழங்காலைக் கட்டிக்கொண்டு, கை இரண்டையும் டீசேர்ட்டுக்குள் நுழைத்துக்கொண்டு அவள் இருந்தாள். உதடு நீலம் பாரித்துவிட்டது. பல்லோடு பல் அடித்தது. அவர் பையைக் கொட்டி மூன்று பேருடைய சட்டையையும் அவளுக்கே ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டார். நான் அவளை மடியில் இழுத்துத் தேய்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு உயிர் திரும்பி வந்த பிறகுதான் கோபமும் வந்தது. அவளை அடிக்கக் கையை ஓங்கிவிட்டேன், உண்மையைச் சொல்ல வேண்டும்.

"நாங்கள் கூப்பிட்டது கேக்கேல்லையோ?"

"கேட்டது."

"எப்ப கேட்டது?"

"மேலையிருந்து வரேக்கையே கேட்டது."

"இவ்வளவு நேரமும் இதுக்குள்ளை இருந்தனியோ? குளிரிலை செத்துப்போயிருப்பாய். ஏன் வாயைத் துறக்கேல்லை?"

அவள் என்னையும் பார்த்தாள், அவரையும் பார்த்தாள்.

"நீங்கள் ரெண்டு பேரும் கதைச்சுக்கொண்டு வந்தீங்கள்" என்றாள். "நான் வந்தா நிப்பாட்டிப் போடுவீங்கள்."

ஓங்கிய கை எப்போது கீழே வந்தது என்று எனக்குத் தெரியாது. அவர் திரும்பி நின்று மூன்று முறை விசில் அடித்தார். மூன்றாவது முறை சரியாக ஊதவில்லை. காற்று மட்டும் வந்தது.

கொஞ்ச நேரத்தில் அந்தப் பெண்கள் ஏரிப் பாதையால் வந்து சேர்ந்தார்கள். தங்களிடமிருந்த சுடு தேநீரை மகளுக்குப் பருக்கினார்கள். கீழே போய்க் காவலரிடம் தகவல் சொல்லிவிடுகிறோம், நீங்கள் ஆறுதலாக இறங்குங்கள் என்று முன்னால் போனார்கள். நான் நன்றி சொன்னேன். என் கணவர் தனக்குத் தெரிந்த மெர்சியை நாலைந்து முறை சொன்னார்.

நாங்கள் மூன்று பேரும் இறங்கினோம். மகள் முன்னுக்கு, நாங்கள் பின்னுக்கு, கைக்கெட்டும் தூரத்தில். புல்வெளி முடிகிற இடத்தில் அவள் நின்றாள். திரும்பி எங்களைப் பார்த்தாள். கால் நோகிறதா என்று கேட்டேன், இல்லை என்றாள். பசிக்கிறதா என்றேன், இல்லை என்றாள். ஆனால் நடக்கவில்லை. சும்மா பார்த்துக்கொண்டு நின்றாள். அழுகிற முகம் இல்லை. காவல் காக்கிற முகம்.

என் கணவருக்குத்தான் முதலில் விளங்கியது. என் பக்கம் திரும்பிக் கேட்டார்:

"இஞ்சேரும், காருக்குப் பெற்றோல் காணுமோ?"

"காணாது. கீழை போனவுடனை அடிக்கத்தான் வேணும்" என்றேன்.

அவள் திரும்பி நடந்தாள்.

கொஞ்சத் தூரம் போய் எங்கள் கதை ஓய்ந்தது. அவளுடைய கால் மெதுவாகி நின்றது. நான் அவசரமாக, வீட்டில் குளியலறைக் குழாய் ஒழுகுவதைப் பற்றி எடுத்தேன். அவர் வீட்டுக்காரனுக்கு டெலிபோன் அடித்துச் சொல்லுவதாகச் சொன்னார். அதற்குப் பிறகு நாங்கள் இடைவெளி விடவில்லை. ஜான்-டலோன் சந்தையில் இந்த முறை கத்தரிக்காய் வாய்க்கவில்லை என்பதைக் கதைத்தோம். அவருடைய கிடங்கில் புதிதாக வந்த மேற்பார்வையாளரைப் பற்றிக் கதைத்தோம். என்னுடைய புது வேலை எப்போது தொடங்கும் என்று கேட்டார், ஏழு மாதத்தில் எனக்கு நடந்தவற்றில் பாதியை அந்தக் காட்டு வழியில்தான் அவருக்குச் சொன்னேன். நடுவில் ஒருமுறை மண்டபத்துக் கதை திரும்ப வந்து குரல் உயர்ந்தது. நான் கையை வீசிக் கத்தினேன். சண்டைக்கு அவள் நிற்கவில்லை, நடந்துகொண்டே இருந்தாள். மௌனத்துக்குத்தான் நின்றாள்.

என் தொண்டை கட்டிவிட்டது. அவருக்கும் குரல் அடைத்துவிட்டது. எங்களிடம் சொல்லுவதற்கு மிச்சம் இருந்ததெல்லாம் எப்போதோ முடிந்துவிட்டது. கார் நிறுத்திய இடம் மரங்களுக்கு நடுவில் தெரியும்வரை, வாய்க்கு வந்த எதையாவது சொல்லிக்கொண்டே, நாங்கள் பயந்து பயந்து அவளுக்குப் பின்னால் நடந்தோம்.